சீனி நிரம்பிய கிண்ணம்

நேற்று அம்மாவின் தொலைக்காட்சியில் பழைய ஹொலிவூட் படம் ஒன்று ஓடியது. கதாநாயகிக்குப் பின்னால் மருந்துத் தட்டோடு நின்ற தாதியைக் கண்டதும் எனக்கு முகப்பவுடர் மணத்தது. அது ஐரீன்.

லாசால் என்ற ஊரில் நாங்கள் முன்பு இருந்த கட்டடத்தில் ஐரீன் எங்களுக்குக் கீழ்வீடு. அம்மாவும் அப்பாவும் வேலையால் வரும்வரை, பவுடர் மணக்கும் அந்த வீட்டில்தான் நான் இருப்பேன். ஐரீன் இளமை முழுக்க ஹொலிவூட்டில் தாதி, தங்கை, தோழி என்றே நடித்தவர். கதாநாயகன் ஒரு படத்திலும் தன்னைக் கல்யாணம் செய்ததில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு ஞாயிறு அவருடைய படம் வருகிறது என்று ஆசையாகச் சொல்லி எங்களைப் பார்க்க வைத்தார். அதில் இன்னொருத்தியின் புருஷனுக்கு முத்தம் கொடுத்தார். அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"பிள்ளை இனி அங்க போகத் தேவையில்லை."

"அது நடிப்பெல்லோ," என்றார் அம்மா.

"நடிப்புக்கும் ஒரு அளவிருக்கு."

மறுநாள் படிக்கட்டில், படம் எப்படி என்று ஐரீன் கேட்டார். அப்பா என்னை இழுத்துக்கொண்டு ஏறினார்.

தீபாவளிப் பலகாரம் கொடுத்த எங்கள் கிண்ணம் அவரிடம் இருந்தது. சில நாட்களில் அது எங்கள் வாசலில் இருந்தது, நிறையச் சீனியோடு. கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மாதான் அவருக்கு முன்பு சொல்லியிருந்தார். அந்தச் சீனியில் தேத்தண்ணீர் போட்டோம். அப்பா இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

நேற்று படம் முடிந்து பெயர்கள் வந்தன. ஐரீனின் பெயர் கடைசியில் இருந்தது.

"என்ன வடிவா நடிச்சிருக்கிறா," என்றார் அம்மா. பிறகு மெதுவாக, "அண்டைக்குப் படிக்கட்டில அவ கேட்டது இந்த ஒரு சொல்லைத்தானே," என்றார்.