ஆறு கிளிப்புக்கு மேல் வேலை இல்லை

குழந்தைகளுக்குப் பயிற்சிப் புத்தகம் தயாரிப்பது அமைதியான தொழில் என்று யாராவது சொன்னால், அவரை மே மாதத்தில் சித்தூருக்கு அனுப்பிவையுங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்; அதற்குள் புத்தகம் வேண்டும். அதே நேரத்தில்தான் மாங்கூழ் ஆலைகளும் சீசனுக்குத் தயாராகும். டின்களுக்கு லேபிள் வேண்டும். இரண்டும் எங்கள் சின்ன அச்சகத்தின் ஒரே கணினியில் பிறந்தாகவேண்டும். பாடம் எழுதுவதும் பிழை திருத்துவதும் நான். பக்கம் வடிவமைப்பது நகரியிலிருந்து வந்த செல்வி. யாருக்கும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர் முதலாளி. ஒரு வேலைக்குச் சேர்ந்து நாலு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் வாசகர்களே, மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

சின்ன வேலை

எங்கள் முதலாளி எந்த வேலையையும் பெரிய வேலை என்று சொன்னதில்லை. இரண்டாம் வகுப்புப் புத்தகம் பாதியில் நின்றபோது திருச்சானூர் லாட்ஜுக்கு ஒரு பலகை வடிவமைக்கும் வேலை வந்தது. அதன் தலைமேல் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து உட்கார்ந்தது.

அதற்குள் செல்வியின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு வாரம் மவுஸைத் தொடக்கூடாது, தொட்டால் விரல் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் லீவு கேட்டாள். முதலாளி உண்மையான கவலையோடு அந்தக் கையைப் பார்த்தார்.

"அய்யோ பாவம்! இது ஒக்க, ஒரே ஒரு சின்ன வேலைம்மா, முடிச்சிட்டு லீவு எடுத்துக்கோ. எடக்கை சும்மாதானே கீது?"

கட்டில்

நாங்கள் களைத்திருப்பதை அவர் கவனிக்காமல் இல்லை. திருப்பதியில் ஏதோ கூட்டத்துக்குப் போனவர், ஆட்கள் ஓய்வெடுத்தால் வேலை வேகமாக நடக்கும் என்று அங்கே கேட்டு வந்தார். மறுநாளே பின்னறையில் ஒரு கட்டில் வந்தது. தலையணைகூட உண்டு. கதவில் ஒட்ட 'ஓய்வு அறை' என்று அழகாக ஒரு தாள் வேண்டும் என்றார்; அதையும் செல்விதான் வடிவமைத்தாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கையை நீட்டிப் படுக்கலாம் என்று போனாள். கட்டில் நிறைய லேபிள் கட்டுகள். தரையில் வைத்தால் ஈரம் ஏறிவிடுமாம். செல்வி ஒரு கட்டின் அடியில் தலையணையைச் சரியாக நகர்த்திவைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சத்தம் போடாதீங்கண்ணா. நம்மள்ல யாராச்சும் ஒருத்தர் ரெஸ்ட் எடுக்கட்டும்."

மாம்பழத்துக்கு வண்ணம்

புத்தகத்திலும் ஒரு மாம்பழம், லேபிளிலும் ஒரு மாம்பழம். இடக்கையில் மவுஸைப் பிடித்து இரண்டையும் மாறி மாறித் திறந்தவள், அடியிலிருந்த வாசகங்களை மாற்றி வைத்துவிட்டாள். பிழை பார்க்கவேண்டிய என்னை முதலாளி அன்று கல்யாணப் பத்திரிகைக்கு விரட்டியிருந்தார். ஆக, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு, 'திறந்தபின் குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.' வேலூர்க் கடைகளுக்குப் போகும் டின்னில், 'அழகாக வண்ணம் தீட்டு. அம்மாவிடம் காட்டு.'

நல்லவேளை, மாதிரித் தாளோடு நின்றது. ஆலை மேனேஜர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேரில் வந்தார். முதலாளி அவர் எதிரிலேயே செல்வியைப் பார்த்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். மேனேஜர் தாளைப் பார்த்தார். பிறகு அந்த வீங்கிய கையைப் பார்த்தார்.

"எங்க ஃபேக்டரில மெஷினையே தினம் ஆஃப் பண்ணி கழுவி ஆறப்போடுறோம் சார். இந்தப் பொண்ணு அதைவிட மட்டமா?"

ஒரு டஜன்

மேனேஜர் அங்கே நின்றிருந்த அந்தச் சில நிமிடங்களில் நான் காரியத்தை முடித்துக்கொண்டேன். செல்வி இருப்பாள் என்று ஆயிற்று. முன்னறையில் அச்சான தாள்களை மை காயத் தொங்கவிடும் கயிற்றில் ஆறு கிளிப் உண்டு. கையிலிருந்த வேலைகளை உறையிலிட்டு அதில் தொங்கவிட்டேன். ஒரு கிளிப் காலியானால்தான் அடுத்த வேலை. முதலாளி தலையாட்டினார்.

இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள், சிக்கலைத் தீர்த்துவிட்ட முகத்தோடு உள்ளே வந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு டஜன் புதுக் கிளிப். செல்வி எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

"கிளிப்பு வாங்கிக்கினு வந்தீங்களே சார், கை எங்க விக்குதுன்னு கேட்டீங்களா?"

லாட்ஜ் பலகை

அவள் நகரிக்குப் பஸ் ஏறிவிட்டாள். மே மாதத்தில் சித்தூரில் வேறு ஆள் கிடைக்குமா? லாட்ஜ்காரர் போனில் கத்தினார். கடைசியில் முதலாளியே கணினி முன் உட்கார்ந்தார். ஒன்றாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். 'அறைகள் உண்டு' என்ற ஒற்றை வரி, மதியம்வரை பலகையின் நடுவுக்கு வர மறுத்தது.

மாலையில் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி பின்னறைக்குப் போனார். லேபிள் கட்டுகளைத் தானே கீழே இறக்கினார். படுத்தார். அந்த நேரம் பார்த்துக் கார்வேட்டிநகரத்திலிருந்து ஒருவர் பள்ளி டைரி அச்சடிக்க வந்தார். கட்டிலருகே போய்ச் சொன்னேன். முதலாளி கண்ணைத் திறக்கவில்லை.

"கிளிப்பு காலி இல்லன்னு சொல்லு சார்!"

ஒரு வாரம் கழித்துச் செல்வி விரல் மடங்கும் கையோடு திரும்பிவிட்டாள், கயிற்றில் இன்றும் ஆறே கிளிப்தான்; நம் களைப்புக்கு நான் கண்ட ஒரே மருந்து, அதே களைப்பு முதலாளிக்கும் ஒருநாள் வருவதுதான்.