ஜாமில் மீன் வாடை

நடந்தவை, வரிசையாக:

1. நான் வேலை பார்க்கும் திருவொற்றியூர் ஜாம் கம்பெனியில், சத்து கூடட்டும் என்று மாம்பழ ஜாமில் ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியைக் கலந்து பார்க்கச் சொன்னார்கள்.
2. கலந்தேன். ஒரு பாட்டிலைக் காசிமேட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மாவும் சித்தியும் ருசி பார்த்துவிட்டுப் பிரமாதம் என்றார்கள்.
3. மறுநாள் மேலாளர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.
4. "என்னம்மா, வஞ்சிரத்துல ஜாம் போட்டியா?" என்று கேட்டார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் நான் தற்காலிக ஊழியர். இந்த ஜாம் தேறினால்தான் வேலை நிரந்தரமாகும்.

வீட்டில் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாது, மீன் நாத்தமா? அந்த ஆளு மூக்குலதான் இன்னாவோ கீது."

அம்மா அப்போது விற்று மீந்த சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். சித்தி மாடியில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். ருசி பார்ப்பவர்களை எப்படித் தேர்வது என்று கல்லூரியில் எனக்கு ஒரு பாடமே இருந்தது. அதைப் படித்துவிட்டு, விடியலிலிருந்து மீன் ஏலத்தில் நிற்பவர்களிடம் ஜாமைக் கொடுத்திருக்கிறேன். எனக்கும் வாடை தெரியவில்லை. என்னுடையதும் அந்த வீட்டில் வளர்ந்த மூக்குதான்.

"அப்ப எங்க மூக்கு வேஸ்ட்டுன்றியா?" என்றாள் சித்தி.

"இல்ல சித்தி, பழகிடுச்சு."

"அப்ப போ, எதுனா சாம்பார் வூட்டாண்ட போய்க் கேளு."

கிண்டலாகத்தான் சொன்னாள். காலடிப்பேட்டையில் என் தோழியின் வீடு சைவம். அங்கேயே போவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் ஜாமை மாற்ற வேண்டியிருந்தது. முதல் தடவை பொடியைப் பழக்கூழோடு சேர்த்துக் கொதிக்கவிட்டிருந்தேன். வாடை அதில்தான் கிளம்பியிருக்க வேண்டும். இம்முறை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும், எலுமிச்சைச் சாற்றில் கரைத்துச் சேர்த்தேன். பொடியையும் குறைத்தேன். பச்சை நிறம் தெரியாதிருக்க, மாம்பழத்துக்குப் பதில் கறுப்புத் திராட்சை.

பாசிப் பொடி கலந்தது, சைவம்தான் என்று மட்டும் தோழியின் அம்மாவிடம் சொன்னேன். தெருமுனையில் மீன் வறுத்தால் வீட்டுக் கதவைச் சாத்துகிறவர் அவர். ஸ்பூனை முதலில் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சாப்பிட்டார்.

"திராட்சைதானே? தித்திப்புதான் கொஞ்சம் தூக்கல்."

"வேற எதாவது வாடை வருதா ஆன்ட்டி?"

"வேற என்னடி வரணும்?"

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பரீட்சை முடிவு வந்ததுபோல என்ன இது என்று தோழி சிரித்தாள். கிட்டத்தட்ட அதுதான்.

மேலாளர் இம்முறை ஜன்னல் பக்கம் போகவில்லை. ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார். இரண்டாவது துண்டை அவரே எடுத்துக்கொண்டார்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. திராட்சை ஜாம் தயாரிப்புக்குப் போகிறது. மாம்பழ ஜாமில் பச்சை நிறம் இன்னும் தெரிகிறது. அதை நிறுத்தி வைத்திருக்கிறோம்.