ஜப்பான் பெட்டியில் வைப்பின் படகு

மத்தியானம் மூன்று மணி. மட்டாஞ்சேரியில் ஹிஸானா நடத்துகிற மொபைல் ரிப்பேர் கடைக்கு, காக்கநாட்டிலிருந்து அனில் வந்திருந்தார். தன் பையிலிருந்த பழைய வீடியோ கேம் பெட்டியை டிவியோடு இணைத்து, அவள் மூன்று வருடமாக உருவாக்கிய ஆட்டத்தை அதில் போட்டார். திரையில் வைப்பின் தீவுக்குப் போகும் படகு வந்தது. படகுக்குக் கீழே கடலைக் காணோம்! அலை புரள வேண்டிய இடத்தில் கிழிந்த கட்டங்கள் நடுங்கின.

அந்தப் பழைய பெட்டிகளுக்குப் புது ஆட்டங்கள் செய்து விற்கிறவர் அனில். ஆட்டம் பிடித்தால் ஹிஸானாவுக்கு அவரிடம் வேலை. பிடிக்காவிட்டால் கடையை மூடிவிட்டு ஷார்ஜாவுக்குக் கிளம்ப வேண்டும். அங்கே வேலை பார்க்கும் கணவன் ஷாஹிரிடம் அவளே கொடுத்த வாக்கு அது. ஷாஹிர் மேல் உயிர்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அங்கே போய்ச் சோறாக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

எட்டு வயதில், அத்தா துபாயிலிருந்து கொண்டுவந்த இதே ரகக் கேம் பெட்டியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்து அடி வாங்கியவள் அவள். அன்றைக்குத் திறந்ததை இன்றுவரை மூடவில்லை என்று அத்தா இப்போதும் அலுத்துக்கொள்வார்.

"என்ன மோளே, நேத்து நீ அனுப்பின வீடியோவில நல்லா இருந்ததே?" என்றார் அனில்.

"என் பெட்டியில ஓடுது சாரே. சத்தியமா ஓடுது."

"வாங்குறவங்க வீட்டில இந்த ஜப்பான் பெட்டியாக்கும் இருக்கும். நாலு மணிக்கு எனக்குக் கிளம்பணும், கேட்டோ."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடக் கடவுளே, எத்தனை பெரிய முட்டாள்தனம்! டிவி ஒரு படத்தை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்குள் துளி இடைவெளி உண்டு. அலையின் புதுப் படத்தை அதற்குள் பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். அத்தா கொண்டுவந்த வளைகுடாப் பெட்டியில் அந்த இடைவெளி தாராளம். ஜப்பான் பெட்டியில் அதில் பாதிகூடக் கிடையாது. அத்தாவின் பெட்டியை மட்டுமே நம்பி, மூன்று வருடமாக அவள் அலைப் படங்களை மூட்டையாக அமுக்கி அமுக்கிக் கட்டியிருந்தாள். பாதி மூட்டை வாசலிலேயே நின்றுவிட்டது.

வழி ஒன்றே ஒன்றுதான். பின்னணியை வரைய அந்தப் பெட்டிக்கு எட்டு முறைகள் உண்டு. அவள் எடுத்திருந்தது மூன்றாம் முறை: இரண்டே அடுக்கு, கடலுக்கு இருநூற்று ஐம்பத்தாறு நிறம். ஒன்றாம் முறைக்கு இறங்கினால் கடலுக்குப் பதினாறு நிறம், எடை சரிபாதி. ஆனால் அந்த அந்திக் கடல்! வைப்பின் படகில் போய்ப் போய், ஒவ்வொரு புள்ளியாக வைத்து வரைந்தது. கண் கலங்கியது. அழ நேரமில்லை.

"சாரே, ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க" என்று அனிலைக் கிட்டத்தட்டத் தள்ளி அனுப்பினாள்.

லேப்டாப்பைத் திறந்து வெட்ட ஆரம்பித்தாள். ஊதாவில் நூற்றுப்பத்து போனது. ஆரஞ்சில் தொண்ணூறு, மற்றதில் நாற்பது. ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே அழித்தாள். மூன்றே முக்காலுக்குப் பதினாறு மிஞ்சியது. முறை மாறியதில் மூன்றாவதாக ஒரு அடுக்கும் கிடைத்தது, நாலே நிறத்தில். சும்மா விட மனசில்லை. சாய்வாக மழைக்கோடுகளைப் போட்டாள். ஆட்டத்தை மெமரி கார்டில் ஏற்றி அனிலின் பெட்டியில் செருகினாள்.

அனில் திரும்பி வந்து, நின்றபடியே பார்த்தார். படகு வந்தது. கடல் வந்தது, கிழியாமல். அதன் மேல் மழை பெய்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். நாலு மணி தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

"திங்களாழ்ச்ச வேலைக்கு வந்து சேர்ந்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹிஸானா ஒரு குதி குதித்தாள். அதே வேகத்தில் ஷாஹிரை அழைத்தாள்.

"மச்சான், கிடைச்சிருச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்! எனக்குத் தெரியும்டீ, நீ விடமாட்டேன்னு." சிரித்தான். பிறகு அந்தப் பக்கம் எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

"மச்சான்?"

"ஒண்ணுமில்ல. ஆறு பேர் ரூமை விட்டு முந்தாநேத்துத்தான் தனி ரூம் எடுத்தேன். நீ வந்தா உன் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் மேசை போட ஜன்னல் ஓரமா இடம் விட்டு வச்சிருந்தேன். பரவாயில்ல. அங்க நான் சட்டை தேய்ச்சுக்கறேன்."

அந்த அறையில் தனக்கு ஒரு மேசை இருக்கும் என்று ஹிஸானா ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை, அவனிடம் கேட்டதுமில்லை. டிவியில் படகு வைப்பினைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அதை அணைக்காமல், போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.