நான் காட்டூர்க்காரி இல்ல

கல்யாணமான மறுநாள் காலையிலதான் நான் காட்டூர்க்காரின்னு எனக்கே தெரிஞ்சது.

கண்ணு முழிச்சப்போ எங்க படுத்திருக்கோம்னே புரியல. காதுல ஒரே எரைச்சல். மழை கொட்டுதுன்னு நெனைச்சு, கொடியில கெடக்கிற துணியை எடுக்க எழுந்து ஓடப் பாத்தேன். எழுந்தா அது என் கொடியும் இல்ல, என் வாசலும் இல்ல. அப்பாலதான் ஒறைச்சுது, இது கடலு. நான் பொறந்து வளர்ந்தது பழவேற்காடு ஏரிக்கரையில, சுண்ணாம்புக்குளத்துக்கும் அந்தாண்ட. ஏரி சத்தமே போடாது. இருபத்திரெண்டு வருஷம் தண்ணி ஓரமாவே படுத்துத் தூங்கினவளுக்கு, தண்ணி இந்தக் கத்து கத்தும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

எங்க வூட்டுக்காரு விடியறதுக்கு முன்னாலயே போட்டைப் பாக்கக் கரைக்குப் போயிட்டாரு. தனியா பாயில ஒக்காந்துகினு இருந்தேன். ஜன்னலுக்கு வெளிய அத்தையோட குரல். என் மாமியாரு யார்கிட்டயோ சொல்லிக்கினு இருந்தாங்க: "காட்டூரு. பொன்னேரி பக்கம். நெலம் நீச்சுன்னு இருக்கிறவங்க. தங்கமான பொண்ணு."

எந்தப் பொண்ணைப் பத்திடா பேசறாங்கன்னு நானும் காதைத் தீட்டிக்கினு கேட்டேன். பாத்தா, நான்தான்!

இந்தக் குப்பத்துல ஒரு வழக்கம். வாழ வந்த பொம்பளையை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. பொறந்த ஊரு எதுவோ அதுதான் பேரு. பக்கத்து வூட்டு அக்கா அனுப்பம்பட்டுல பொறந்தவங்க, அதனால அவங்க அனுப்பம்பட்டு. அவங்க புருஷனே 'ஏ அனுப்பம்பட்டு, தண்ணி கொண்டா'ன்னுதான் சொல்லுவாரு. கேக்க சோக்காத்தான் இருக்கும். ஆனா என் விஷயத்துல, எனக்கும் காட்டூருக்கும் ஸ்நானப்ராப்தி கெடையாது. பஸ்ஸுல போறப்போ போர்டுல படிச்சிருக்கேன், அவ்ளோதான். அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள தெருவே என்னை 'காட்டூரு'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுடுச்சு.

நாங்க யாருன்னு சொல்லிடறேன். எங்க சனம் வலை போடாது. இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு, ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவி இறாவும் நண்டும் புடிப்போம். கை ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கிறதால, புடிச்சதைப் போடற ஓலைப்பையைப் பல்லால கடிச்சுக்கினு போவணும். பறின்னு சொல்லுவோம். பறியைக் கடிச்சுட்டா பேச முடியாது. நாலு மணி நேரம் வாயைக் கட்டிப் போட்டதாலதான் கரையேறினதும் எங்க பொம்பளைங்க இப்படி ஊரே கேக்கறாப்ல பேசறாங்கன்னு எங்க நைனா கிண்டல் பண்ணும். நைனா சொன்னதுல தப்பு இல்ல. என் வாயும் அப்படித்தான்.

கடல்ல படகு வுடறவங்களுக்கு நாங்கன்னா ஒரு படி கீழ. ஏன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது. மீன் அதே மீன், உப்பு அதே உப்பு. பழவேற்காடு மார்க்கெட்டுல நான் இறா விக்க ஒக்காந்தப்போதான் எங்க வூட்டுக்காரு என்னைப் பாத்தாரு. அவருக்கு மேல கீழெல்லாம் தெரியல. மத்தவங்களுக்குத் தெரிஞ்சுது. கோயில்ல வச்சுத் தாலி கட்டினப்போ எங்க பக்கத்துல இருந்து ஒருத்தரும் வரல. வர வாணாம்னு அத்தை சொல்லி அனுப்பியிருந்தாங்க.

அன்னைக்கு அத்தை உள்ள வந்ததும் நேரா கேட்டுட்டேன். "நான் எப்போ அத்தை காட்டூர்ல பொறந்தேன்?"

அவங்க கதவைச் சாத்தினாங்க. கோவப்படுவாங்கன்னு பாத்தேன், கெஞ்சினாங்க. "எம்பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கோம்டி. உன் ஊரு தெரிஞ்சா வர்றவன் வாசலோட திரும்பிடுவான். அவ கழுத்துல தாலி ஏறட்டும். அப்பால நீ மைக் செட்டு வச்சு உன் ஊரைச் சொல்லிக்க. அதுவரைக்கும் உங்க ஆளுங்க யாரும் இங்க வர வாணாம். உன் கால்ல வுழட்டுமா?"

மாமியாரு கால்ல வுழறேன்னா மருமவ இன்னா பண்ணுவா? சரின்னு தலையாட்டினேன். அத்தை கெட்டவங்க இல்ல. குழம்பு வச்சா மீன் தலையை எனக்குன்னு எடுத்து வைப்பாங்க. எனக்கு ஜொரம் வந்தப்போ ராத்திரி பூரா நெத்தியில ஈரத்துணி போட்டவங்க. அதனாலதான் எனக்கு இன்னும் பேஜாரா போச்சு. கெட்டவங்களா இருந்திருந்தா ரெண்டே நாள்ல சண்டை போட்டு உண்மையைப் போட்டு ஒடைச்சிருப்பேன்.

தினம் காலையில எழுந்ததும் கண்ணைத் தொறக்காமலே ஒருதரம் சொல்லிக்குவேன்: நீ சுண்ணாம்புக்குளத்துக்கு அந்தாண்ட இருந்து வந்தவ. இறா தடவுறவ பெத்த பொண்ணு. சொல்லிட்டுத்தான் பாயைச் சுருட்டுவேன். சொல்லாம வுட்டா, ஒருநாள் நெஜமாவே காட்டூர்க்காரியா எழுந்துடுவேனோன்னு பயம்.

பொய் சொல்றது அவ்ளோ சுளுவு இல்ல. சித்திரை வெயில் மண்டையைப் பொளக்குது, அனுப்பம்பட்டு அக்கா சும்மா பேச்சுக் குடுத்தாங்க. "இன்னா காட்டூரு, உங்க ஊர்ல வயலெல்லாம் எப்படி கீது?" எனக்கு இன்னா தெரியும் வயலைப் பத்தி? "நாத்து வுட்டாச்சுக்கா, சூப்பரா வந்திருக்கு"ன்னேன். அக்கா என்னையே பாத்தாங்க. "சித்திரையிலயா?" "எங்க வூட்ல போர் போட்டிருக்கோம்க்கா"ன்னு சமாளிச்சேன். அன்னையில இருந்து அக்கா என்னைப் பாக்கற பார்வையே மாறிடுச்சு. எடை போட்டுப் பாக்கற பார்வை.

இன்னொரு நாள் இதைவிட மோசம். கரையில மீன் பிரிக்கறாங்க, நானும் ஒக்காந்து நெத்திலியை அள்ளறேன். ரெண்டு கையும் வேலையில இருக்கு. கேரி பேக்கை எங்க வைக்கறது? யோசிக்கவே இல்ல, அதுபாட்டுக்கு வாய்க்குப் போயிடுச்சு. பல்லால கடிச்சுக்கினு, கையால அள்ளி அள்ளி உள்ள போடறேன். அத்தை எங்கிருந்துதான் பறந்து வந்தாங்களோ, வெடுக்னு பையைப் புடுங்கினாங்க. பல்லே பேந்திருக்கும். "சின்னப் புள்ளையாட்டம் பையைக் கடிக்கறா பாரு"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சிரிச்சாங்க. பையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கினாங்க. எனக்கு வாயில ஒரு கெட்ட வார்த்தை வந்துச்சு, முழுங்கிட்டேன். வூட்டுக்குப் போயி அழுதேன். என் பல்லு கூட என் ஊரை மறக்கல, என்னை மட்டும் மறக்கச் சொல்றாங்களேன்னு.

எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னா, "கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா"ம்பாரு. நல்ல மனுஷன்தான். ஆனா அவரை யாரும் வேற ஊர்க்காரன்னு சொல்லலியே.

அம்மாகிட்ட போன்ல எல்லாத்தையும் சொல்லுவேன். காட்டூரு, நாத்து, பை எல்லாம். அம்மா சிரிக்கும். "அந்தம்மாவும் பொண்ணு வச்சிருக்கு இல்ல, போனா போவுது"ன்னும். வர்றேன்னு ஒருநாளும் சொன்னதில்ல.

கல்யாணமாகி மூணு மாசம் இருக்கும். காத்து சரியில்லன்னு நாலு நாளா யாரும் கடலுக்குப் போவல. வூட்ல கொழம்புக்கு ஒண்ணும் இல்ல. தெருவுல ஒரு குரல்: "இறா... ஏரி இறாம்மா..." எனக்குக் கையில இருந்த சொம்பு கீழ வுழுந்துடுச்சு. ரெண்டு பஸ்ஸு மாறி, தலையில கூடையோட எங்கம்மா வந்து நிக்குது!

அத்தை வெளிய போனாங்க. அவங்க எங்கம்மாவைப் பாத்ததே இல்ல. "இன்னாமே, எல்லாம் பொடிசா கீது"ன்னு ஆரம்பிச்சாங்க. அம்மா அசரல. "விடியக்கால புடிச்சதும்மா, துள்ளுது பாரு"ன்னு அதுவும் பேரம் பேசுச்சு. நான் கதவைப் புடிச்சுக்கினு நின்னேன். அம்மா என்னைப் பாத்து, யாரோ மாதிரி, "இறா வேணுமாம்மா?"ன்னுச்சு.

யோசிச்சுப் பாருங்க. விக்கறவ வாங்கறவளை அம்மான்னுதான் கூப்பிடுவா. பெத்தவளும் பொண்ணை அம்மான்னு கொஞ்சுவா. யாருக்கு இன்னா சந்தேகம் வரும்? எங்கம்மா நட்ட நடுத் தெருவுல, எல்லாரும் பாக்க, என்னைக் கொஞ்சிட்டுப் போச்சு. நான்தான் இன்னான்னு கூப்பிடறதுன்னு முழிச்சேன். தெருவுல அதுக்கு 'இறாக்காரம்மா'ன்னு பேரு வச்சாங்க. நானும் அதையே புடிச்சுக்கினேன். 'இறாக்கார'ங்கறதை மென்னு முழுங்கிட்டு, 'அம்மா'ங்கறதை மட்டும் அழுத்திச் சொல்லுவேன்.

அப்பால வாரம் ஒருதரம் வந்துச்சு. போன்ல எங்கம்மா, தெருவுல இறாக்காரம்மா. போன்ல ஒருநாள் கூட தெருவுல பாத்ததைப் பேச மாட்டோம். வாசலுக்கு வெளியவே குந்தும். தண்ணி கேட்டா சொம்புல குடுப்பேன், அண்ணாந்து குடிக்கும். உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வக்கு இல்ல. அது போனதுக்கு அப்பால அந்த எடத்துல சொட்டியிருக்கிற தண்ணியைப் பாத்துக்கினு நிப்பேன். இப்படியே நாலு மாசம்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. காத்து ஏறினதால தெருவுல ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாரும் வூட்லதான் இருந்தாங்க. எங்க வூட்டுக்காரு மட்டும் போட்டைக் கட்டி வைக்கக் கரைக்குப் போயிருந்தாரு. அம்மா வந்து கூடையை எறக்குச்சு, ஒத்தைக் கையால. வலது கையைத் துணியில சுத்தி மடியில வச்சிருந்துச்சு. அத்தை இறாவைக் கிளறிப் பாத்துட்டு, "இன்னாமே, இன்னைக்கு இவ்ளோதானா?"ன்னாங்க. அம்மா வழக்கம் போல பதில் சொல்லப் பாத்துச்சு, பாதியிலயே பல்லைக் கடிச்சுக்கிச்சு. நான் போயி துணியை அவுத்தேன். கை பன்னு மாதிரி வீங்கி, வெரலுக்கு நடுவுல நீலமா இருக்குது. கெளுத்தி முள்ளு. சேத்துல தடவறப்போ ஏறியிருக்கு. அந்த வலி எனக்குத் தெரியும், உசுரு போற வலி. அதை வச்சுக்கினு ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கு. எதுக்கு? வாரத்துக்கு ஒருதரம் என் மூஞ்சியைப் பாக்க.

எனக்குள்ள என்னமோ அறுந்து போச்சு. "உள்ள வா"ன்னு தோளைப் புடிச்சுத் தூக்கினேன். கூடத்துல ஒக்கார வச்சேன். அத்தை பின்னாலயே வந்தாங்க. "ஏய், இன்னாடி பண்ற? வெளிய எல்லாரும் பாக்கறாங்க." அனுப்பம்பட்டு அக்கா அதுக்குள்ள வாசப்படியில கால் வச்சாச்சு. அவங்க பின்னால இன்னும் நாலு பேரு.

"எங்கம்மா"ன்னேன். கத்திட்டேன்னு நெனைக்கறேன். "இது எங்கம்மா. நான் காட்டூர்க்காரி இல்ல. நாங்க இறா தடவுறவங்க."

நாத்தனாருக்குப் பாத்து வச்ச சம்பந்தம் அதனாலதான் தட்டிப் போச்சு, அதை மறைக்க நான் விரும்பல. அவ என்னை ஒரு வார்த்தை சொல்லல. ரெண்டு வருஷம் கழிச்சு வேற எடத்துல, எல்லாம் தெரிஞ்சே வந்து கட்டிக்கினு போனாங்க. ஆனா அன்னைக்கு அது எதுவும் எனக்குத் தெரியாது. அத்தை மூஞ்சி வெளுத்துப் போனது மட்டும்தான் தெரிஞ்சுது.

நான் எதிர்பாக்காதது அதுக்கு அப்பால நடந்துச்சு. அம்மா விசுக்குன்னு எழுந்து நின்னுச்சு. வாசல்ல நின்னவங்களைப் பாத்துச் சிரிச்சுச்சு. "ஐய, இன்னா இது! இந்தப் பொண்ணு கைவீக்கத்தைப் பாத்து எரக்கப்பட்டு எதோ சொல்லுது. நான் யாரு, அது யாரு? அதோட அம்மா காட்டூர்ல கீறாங்க இல்ல? நான் வரேன்மா"ன்னு கூடையைத் தேடுச்சு.

"ஏம்மா பொய் சொல்ற?"ன்னு நான் அழறேன். அது என்னைப் பாக்கவே மாட்டேங்குது. பாத்தா மாட்டிக்கும்னு அதுக்குத் தெரியும். வலியில கண்ணுல தண்ணி ஊத்துது, வாய் மட்டும் சிரிக்குது. பெத்த பொண்ணை இல்லன்னு சொல்ல அவ்ளோ பாடுபட்டுச்சு.

அத்தை ரெண்டு பேரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. "நாலு மாசமா..."ன்னு ஆரம்பிச்சாங்க, முடிக்கல. வெடுக்னு திரும்பி சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க. போச்சு, இன்னையோட எல்லாம் போச்சுன்னு நெனைச்சேன். அம்மா கூட நானும் கெளம்பிடலாம்னு செருப்பைத் தேடினேன்.

அத்தை வெளிய வந்தப்போ கையில ஒரு குண்டான், ஆவி பறக்குது. கெளுத்தி முள்ளுக்கு வெந்நீர்தான் கேக்கும்னு கடல்காரங்களுக்குத் தெரியாதா? குண்டானை அம்மா எதிருல வச்சாங்க. அம்மாவைத் தோளைப் புடிச்சு ஒக்கார வச்சு, வீங்கின கையைத் தானே எடுத்துத் தண்ணியில மெதுவா எறக்கினாங்க. வாசல்ல நிக்கிற அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி கேட்டாங்க:

"சூடு தாங்குதா, சம்பந்தி?"

அம்மா அவங்களைப் பாத்துச்சு, வாசலைப் பாத்துச்சு, கடைசியா என்னைப் பாத்துச்சு. அந்த நாலு மாசத்துல முதல்தரம் பெத்தவளாப் பாத்துச்சு. "உங்கம்மான்னு சொல்லட்டுமாம்மா?"ன்னு எங்கிட்ட கேட்டுச்சு.

சொல்லும்மான்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அழுகைதான் வந்துச்சு.