பத்துக் கம்பியும் கறுப்புப் பட்டையும்

அந்த ஆளை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. இராசிபுரம் பக்கத்தில் மெல்லிசைக் குழு வைத்திருந்தவர். கீபோர்டும் அவர்தான் வாசிப்பார். அவருடைய குழுவில் எங்கள் வீட்டுக்காரர் ஸ்டீல் கிட்டார் வாசித்தார். மலைமேல் இருக்கிற எங்கள் வளப்பூர் நாட்டிலிருந்து பஸ் ஏறிக் கீழே போய் வாசித்துவிட்டு வந்து, மறுநாள் மிளகுக் கொடியைப் பார்ப்பார்.

தோளில் மாட்டி வாசிக்கிற கிட்டார் இல்லை அது. நான்கு கால் வைத்த மேசை மாதிரி இருக்கும். மேலே பத்துக் கம்பி. இடது கையில் ஒரு இரும்பு உருளை. அதைக் கம்பிமேல் வழுக்கினால் சத்தம் நீண்டு இழுக்கும். கீழே பெடல்கள். இடது காலால் மிதித்தால் கம்பி இறுகும். வலது காலுக்குத் தனியாக ஒரு பெடல் உண்டு. பாதத்தை முன்னால் சாய்த்தால் சத்தம் ஏறும், குதிகாலை அழுத்தினால் அடங்கிப்போகும். அவருடைய சத்தம் அவருடைய காலடியில் இருந்தது. எனக்கு அதில் ஒரு பெருமை.

மிளகு பறிக்க ஏணி சாத்தினால்கூட முதலில் ஏணியைத் தொட்டுக் கும்பிடுகிறவர் அவர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் குதிகாலை அழுத்திச் சத்தத்தை அடக்கிவிட்டுப் பத்துக் கம்பியையும் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பாட்டு.

தொண்ணூற்றெட்டு வாக்கில் அந்த ஆள் சேலத்து மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்பே புல்லாங்குழல்காரரையும் வயலின்காரரையும் அனுப்பியாகிவிட்டது. எல்லாம் தன் கீபோர்டிலேயே வரும் என்று சொல்லிவிட்டார்.

"ஏனுங்கக்கா, அண்ணன் இருக்காருங்களா?"

"இருக்காருங்க. செருப்ப வெளிய உட்டுட்டு வாங்க."

பலாச்சுளை எடுத்து வைத்தேன். தின்றுகொண்டே, "மலையில இத உட்டா வேற என்னத்தக்கா கெடைக்குது?" என்று சிரித்தார்.

"மத்ததெல்லாம் கீழ இருந்து தானா வந்துருதுங்களே தம்பி," என்றேன்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். மெக்கானிக் பையிலிருந்து விரல் அகலத்துக்கு இரண்டு கறுப்புப் பட்டைகளை எடுத்தார். சிந்தசைசர் பிக்கப்பாம். கம்பி அதிர்வதை அது பிடித்துக்கொண்டுபோய் ஒரு பெட்டியில் சேர்க்குமாம். பெட்டி அதை நாயனமாக, குழலாக மாற்றிவிடுமாம்.

"அண்ணே, இந்த அழுவாச்சிச் சத்தத்த வெச்சு எத்தன நாளு ஓட்டறது? இத மாட்டுனா நீங்க தொட்டதெல்லாம் நாயனந்தான். மாட்டாட்டி..."

"மாட்டாட்டி?" என்றேன் நான்.

"வேற ஆளப் பாத்துக்குவோமுங்கக்கா."

மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். பட்டை ஆறு கம்பிக்குச் செய்தது. இதில் பத்து. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் அட்டைத் துண்டு கொடுத்து, கம்பியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி திருகாணி போட்டார். அதிலிருந்து தடியாக ஒரு ஒயர் இறங்கியது.

"அந்தப் பொட்டி எங்கீங்க இருக்கும்?" என்று கேட்டேன்.

"எம் பக்கத்துலதானுங்க. என்ன சத்தம், எவ்வளவு சத்தம்னு நாம் பாத்துக்குவேன்."

"அப்ப இவரு காலுக்கடியில இருக்கற பெடலு?"

"அது பழைய ஒயருக்குங்க. இனி அதுக்கு வேலையில்ல."

எங்கள் வீட்டுக்காரர் குனிந்து அந்த ஒயரை ஓரமாக ஒதுக்கி வைத்தார். அவர்மேலும் எனக்குக் கோபம்தான். அவர்கள் போன பிறகு, "வாசிக்காம என்னால இருக்க முடியாது புள்ள," என்றார்.

முதல் கச்சேரி எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவிலேயே அமைந்தது. என் அண்ணன் தம்பிமார், சம்பந்தி வீட்டார் எல்லோரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் வழக்கம்போலக் குதிகாலை அழுத்தினார். பத்துக் கம்பியையும் தொட்டார். அவ்வளவுதான், பத்து நாயனத்தை ஒரே நேரத்தில் ஊதின மாதிரி ஒரு அலறல். கைக்குழந்தைகள் அழுதன. காலில் இருந்த பெடலுக்கும் அந்த ஒயருக்கும்தான் சம்பந்தமே இல்லையே!

அந்த ஆள் மைக்கைப் பிடித்தார். "நம்ம அண்ணன் கும்புட்டா கோயிலுக்குள்ள இருக்கற சாமி எந்திரிச்சு ஓடிரும் போலருக்குதுங்க!"

சனம் சிரித்தது. என் கூடப்பிறந்தவர்களும் சிரித்தார்கள்.

இரண்டாவது பாட்டு. இவர் மறுபடி தொட்டார், மறுபடி அலறல். மறந்து தொட்டாரா, தொடாமல் இருக்க முடியவில்லையா, தெரியாது. ஆனால் ஒன்றை நான் என் கண்ணால் பார்த்தேன். பெட்டி அந்த ஆளின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு விரலால் திருகிக் குறைத்திருக்கலாம். குறைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார், மைக்கில் சொல்ல அடுத்த பேச்சைத் தயாராக வைத்துக்கொண்டு.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரர் குனிந்து அந்தத் தடி ஒயரைப் பிடுங்கிக் கீழே போட்டார். பையிலிருந்து பழைய ஒயரை எடுத்துச் சொருகினார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"கும்புட்டுக்கறேன்."

குதிகாலை அழுத்தி, கம்பி கம்பியாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். சத்தமே இல்லை. அப்புறம் பாதத்தைச் சாய்த்தார். நன்றாக வாசித்தார் என்று சொல்ல மாட்டேன், இரண்டு இடத்தில் சுருதி விலகிற்று. ஆனாலும் பாட்டு முடிகிறவரை காலை எடுக்கவில்லை.

இறங்கும்போதே அந்த ஆள் சொல்லிவிட்டார், இனி வர வேண்டாம் என்று. அதற்குப் பிறகு கீழே இருந்து எந்தக் குழுவும் கூப்பிடவில்லை. அந்த ஆள்தான் சொல்லி வைத்திருப்பார். சொல்லக்கூடியவர்தான்.

கொஞ்ச நாள் கழித்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டு போக வந்தார். மெக்கானிக் வரவில்லை.

"அக்கா, ஸ்க்ரூ டிரைவர் இருந்தா குடுங்க."

"தண்ணி வேணும்னா தாரனுங்க. அது எங்க ஊட்ல இல்லீங்க."

"ஏம் புள்ள, அந்த அலமாரி மேல..." என்று எங்கள் வீட்டுக்காரர் வாயெடுத்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டார்.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அந்த ஆள் தரையில் மண்டியிட்டு, வண்டிச் சாவி முனையால் ஒவ்வொரு திருகாணியாக நெம்பினார். சட்டை நனைந்துவிட்டது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து மிளகு உதிர்த்தேன். கடைசித் திருகாணி அசையவே இல்லை. பொறுமை கெட்டு வெடுக்கென்று இழுத்தார். பட்டையின் ஓரம் முறிந்து, அந்தத் துண்டு மட்டும் திருகாணியோடு அங்கேயே நின்றுவிட்டது. தண்ணீரைத் தொடாமல் போனார்.

"எடுத்துப் போட்ரட்டுமா?" என்று எங்கள் வீட்டுக்காரர் அலமாரியைப் பார்த்தார்.

"கெடக்கட்டும்," என்றேன்.

இன்னும் கிடக்கிறது. அவர் கம்பியைத் தொட்டுக் கும்பிடும்போது அந்தத் துண்டிலும் விரல் படும். அதை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லை.