டினின்னா இரண்டு முறைதான் கூப்பிடுவாள்

சுகிர்தாவுக்குப் பேர் வைப்பதில் ஒரு கிறுக்கு. பிறந்த பிள்ளைகளுக்கு வைக்கிற கிறுக்கு இல்லை. ஏற்கெனவே பேரோடு திரிகிறவர்களைப் பிடித்து, அந்தப் பேரைப் பிரித்துப் போட்டு, அவர்களைப் பழைய ரோமாபுரிக்காரர்களாக ஆக்கிவிடுகிற கிறுக்கு. தேர்வாய் கண்டிகையில் காருக்கு ஒயர் கட்டு செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. பலகையில் ஒயர்களை வரிசையாகப் படுக்கவைத்து டேப் சுற்ற வேண்டும். கை பழகிவிட்டால் மனசுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. சும்மா கிடக்கிற மனசு சும்மாவா இருக்கும்?

தொடங்கிவைத்தவள் நந்தினி. ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விளைகிற வீட்டுப் பெண். சரித்திரத்தில் பி.ஏ. படித்துவிட்டு டேப் சுற்ற வந்தவள். படிப்புக்கும் பிழைப்புக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? சுகிர்தாவுக்குப் பக்கத்துப் பலகை அவளுடையது. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் யார் கழுத்திலாவது தொங்கும் அடையாள அட்டையை இழுத்து, அதிலுள்ள ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்குவாள். ஓர் எழுத்து கூடக் கூடாது, குறையவும் கூடாது. போதவில்லை என்றால் இனிஷியலைச் சேர்த்துக்கொள்ளலாம். ரோமாபுரியைப் பற்றிச் சுகிர்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் வேதாகமத்தில் வருகிற பிலாத்துவும் கொர்நேலியுவும்தான். அது போதும் என்று நந்தினி அவளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள்.

நந்தினி தனக்கு வைத்துக்கொண்ட பேர் டினின்னா. செனட்டர் வீட்டுப் பெண், ஏழு அடிமைகள் விசிறுவார்கள், அதனால்தான் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு வேண்டும் என்பாள். பஸ் ஓட்டும் எஸ். லோகு, கோலுஸ் ஆனார். ரோமாபுரிக்குப் போயும் எனக்குக் கொலுசுதானா என்று அந்த மனுஷர் ஒரு வாரம் புலம்பினார். சூப்பர்வைசர் வெங்கடேசன் பேரை எப்படிப் புரட்டினாலும் ரோமாபுரி வரவில்லை. அவர் தலையைப் பார்த்த நந்தினி, ரோமமே இல்லாத இடத்தில் ரோமாபுரி எங்கே வரும் என்று கேட்டாள். பலகை வரிசையிலேயே மூத்தவளான விக்டோரியாவுக்கு வேலையே மிச்சம். அந்தப் பேரில் ரோமாபுரியில் ஒரு தேவதையே இருந்தாளாம்.

சுகிர்தாவுக்கு மட்டும் நந்தினி பேர் வைக்கவில்லை. கேட்டபோது, "உன்னுது அப்டியே நல்லா கீதுடி. கூப்ட வாய் நெறையுது," என்றாள். அப்படித்தான் கூப்பிடவும் செய்வாள். கடைசி எழுத்தை ராகம் மாதிரி இழுத்து இரண்டு முறை. மூன்றாவது முறைக்கு அவளுக்குப் பொறுமை கிடையாது. நேராக வந்து தோளில் கிள்ளிவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை நந்தினி பஸ்ஸைத் தவறவிட்டு அண்ணனின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். கம்பெனிக்குத் திரும்புகிற வளைவில் லாரி. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? வரிசைப் பெண்கள் எல்லோரும் போய் அழுதார்கள், சுகிர்தாவுக்கு மட்டும் அழுகை வரவில்லை. ஆரணி ஆற்றங்கரைக்கு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருமுனையோடு பெண்களை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் வெங்கடேசன் அந்தப் பலகையில் வேறு ஒருத்தியை நிறுத்தினார். ஆர்டர் நிற்குமா?

காரியம் முடிந்த மறுவாரம் ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்து, மிஷின்கள் எல்லாம் ஓய்ந்ததும், கட்டடத்துக்குப் பின்னாலுள்ள குழாயில் வரிசைப் பெண்களில் ஒருத்தியான நர்மதா டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். யாரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஆங், இன்னா?" என்று திரும்பினாள். சுவரும் வெயிலும் அதற்கு அப்பால் கருவேல மரங்களும்தான் இருந்தன. அன்று இரவே காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாள். அவள் எழுந்து வருவதற்குள் இன்னொருத்தியான செல்விக்கும் அதே இடத்தில் அதே குரல் கேட்டது. இரண்டு பேருமே நந்தினி குரல்தான் என்று அடித்துச் சொன்னார்கள். ஒரு பெண் வேலையை விட்டே நின்றுவிட்டாள். குழாய்க்குள் காற்று ஊதுகிறது, அவ்வளவுதான் என்றார் வெங்கடேசன். சொன்னவர் அன்று முதல் கை கழுவ ஆபீஸ் பக்கம் போக ஆரம்பித்தார்.

பஸ்ஸில் இதுதான் பேச்சு. விக்டோரியா நர்மதாவைத் திட்டினாள்.

"பேயிக்கு ரெண்டு தபாதான்டி கூப்டத் தெரியும். மூணாவது தபா கூப்டா அது மனுசன். அப்பதான் வாயத் தொறக்கணும். உங்க ஊட்ல இத்தகூடச் சொல்லித் தரல?"

பிறகு தன் கதையைச் சொன்னாள். அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவள் பிறந்ததும் அம்மா இவளைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்தி எடுத்து, குப்பு என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஞானஸ்நானத்துக்கு விக்டோரியா, வீட்டுக்குக் குப்பு. எமன் பேர் விசாரித்துக்கொண்டு வந்தால் குழம்பித் திரும்பிப் போக வேண்டும், அதற்காகத்தான். இன்றைக்கும் அவன் தேடிக்கொண்டுதான் இருக்கிறான் என்றாள்.

சுகிர்தா அன்றே பேர் மாற்றுகிற வேலையைத் தொடங்கிவிட்டாள். சர்ச்சில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு. செத்தவர்கள் ஆண்டவரிடம் இளைப்பாறுகிறார்கள், குழாயடிக்கு வருவதில்லை. ஆனாலும் பக்கத்தில் நிற்கிற பெண் நடுங்கும்போது பிரசங்கமா செய்ய முடியும்? நந்தினி அரைகுறையாக விட்டுப்போன பேர்களையெல்லாம் அவள் முடித்தாள். நர்மதா, அர்மாண்டா ஆனாள். ஏ. செல்வி, சில்வேயா ஆனாள். திலகவதியின் பேரில் இருந்த எழுத்துகளுக்கு ஒரு படையையே கிளப்பியிருக்கலாம். அதையும் எப்படியோ ஒரே பெண்ணாக அடக்கினாள். பேர்களை வெள்ளை டேப்பில் எழுதிக் கம்பெனித் தொப்பிகளில் ஒட்டினாள். மணி அடித்து உள்ளே வந்ததிலிருந்து மணி அடித்து வெளியே போகும்வரை அந்தப் பேர்தான். பழைய பேரை வாய் தவறிச் சொல்கிறவள் எல்லோருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். முதல் நாள் நிறைய வடை கிடைத்தது. பிறகு பழகிவிட்டது. குரலும் நின்றுவிட்டது. பேர் தெரியாத ஊரில் யாரைத் தேடுவாள் அவள்?

உன் பேர் என்ன என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம், எனக்கு அப்புறம் பார்க்கலாம் என்று சுகிர்தா நழுவினாள். மற்றவர்களுக்கு எழுதுவதில் தனக்கு நேரமில்லை என்றாள். அது பொய்.

அவளுக்கு மட்டும் அந்தக் குரல் தினமும் கேட்டது. எல்லோரும் கழுவிவிட்டுப் போன பிறகு டப்பாவோடு குழாயடிக்குப் போவாள். வெயில் உச்சந்தலையில் இறங்கும். எங்கோ ஒரு லாரி பின்னால் நகரும் சத்தம் வந்து அடங்கும். அப்புறம், கருவேல மரங்கள் பக்கமிருந்து, கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டு, "சுகிர்தா." கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. சுகிர்தா வாயைத் திறக்க மாட்டாள். பயந்து டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். ஆனால் திரும்பி ஓடவும் மாட்டாள். மூன்றாவது கூப்பிடலுக்காகக் காத்து நிற்பாள். அது வந்துவிட்டால் நந்தினி மனுஷி. வராவிட்டாலும் தோளில் ஒரு கிள்ளாவது விழாதா என்றிருக்கும். இரண்டும் நடக்காது. மறுநாளும் போவாள். ஊரையே ஒளித்துவைத்தவள், தன் கதவை மட்டும் திறந்துபோட்டிருந்தாள்.

சோறு குறைந்தது. கன்னம் ஒட்டியது. வீட்டில் அம்மா ஜெபத்துக்குக் கூட்டிப் போனாள், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனாள். இரத்தத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். நர்மதாவுக்குத்தான் பொறி தட்டியது. ஒருநாள் மறந்துவைத்த கரண்டியை எடுக்கப் போனவள், சுகிர்தா கருவேல மரத்தைப் பார்த்து நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டாள். பேய் பிடித்தவளின் முகமாக அது இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஆள் வருவதற்காக நிற்கிறவளின் முகமாக இருந்தது. அதுதான் நர்மதாவை இன்னும் பயமுறுத்தியது.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் ஏறியதும் நர்மதா சுகிர்தாவின் தொப்பியைப் பிடுங்கி ஒரு டேப்பை ஒட்டினாள். அக்ரிதுஸ். விக்டோரியாவும் செல்வியும் லோகுவும் சேர்ந்து இரண்டு நாள் எழுத்துகளோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தது. ஆண் பேராகிவிட்டதே என்று செல்வி கொஞ்சம் தயங்கினாள். ஆனால் தளபதி பேர், படையே நடுங்கும் என்று லோகு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே சான்றிதழ் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சுகிர்தா சிரித்தாள். பிய்த்துப் போட்டிருக்கலாம். அவர்கள் முகங்களைப் பார்த்த பிறகு கை வரவில்லை.

அன்று மத்தியானம் குழாயடியில் எதுவும் கேட்கவில்லை.

மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. காற்று வந்தது, லாரி வந்தது, கருவேலங்காய் உதிர்ந்தது. பேர் மட்டும் வரவில்லை. தெருமுனையில் நிறுத்தப்பட்ட அன்று வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. நந்தினி செத்துப்போய்விட்டாள். இத்தனை நாள் சாகாமல் இருந்தவள் இந்த வாரம்தான் செத்தாள் என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை அவள் தொப்பியிலிருந்த டேப்பை உரித்து டப்பா மூடிக்குள் ஒட்டினாள். குழாயை இறுக்கி மூடினாள். மரங்களைப் பார்த்து, உதடு அதிகம் அசையாமல் பேசினாள்.

"டினின்னா. நாந்தான்டி, சுகிர்தா. பேர மாத்திட்டேன்னு நெனச்சிக்கினியா? அவுங்க ஒட்டுனது. எடுத்துட்டேன் பாரு."

வெயில் அப்படியே நின்றது. அவள் தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, கிள்ளுவதற்கு வாகாக வைத்துக்கொண்டாள். மணி அடித்தது. உள்ளே மிஷின்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன.

"அக்ரிதுஸ்."

பின்னாலிருந்து வந்தது. சுகிர்தா திரும்பவில்லை.

"அக்ரிதுஸ்."

இரண்டாவது முறைக்குப் பிறகு வருகிற மௌனம் அவளுக்குப் பழக்கம். அதன் நீளம்கூடத் தெரியும். அதற்குள் எத்தனையோ நாள் நின்றிருக்கிறாள்.

"அக்ரிதுஸ், மணி அட்சி எவ்ளோ நேரம் ஆவுது, சாரு கத்திக்கினு கீறாரு," என்றாள் நர்மதா. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாயடிக்கு வர இன்னும் அவளுக்குப் பயம். ஆனாலும் ஒரு காலை வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

மூன்றாவது முறை. வேறு வழியில்லை.

"ஆங், வரேன்," என்றாள் சுகிர்தா. டப்பாவை எடுத்துக்கொண்டு, மரங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.