அண்ணன் படையலுக்கு ஒரு ஜிலேபி மீன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். தங்கையான எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது, அதையும் எழுதுகிறேன்.

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு மானாவாரி கிராமத்தில் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட, படிப்பை விட்டுவிட்டு ஓசூரில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துகொடுத்தார். யாரிடமும் அதிர்ந்து பேசாதவருக்கு மீன் விஷயத்தில் மட்டும் அப்படியொரு பிடிவாதம்.

ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அண்ணியுடன் ஊர் ஏரிக்குப் போய்விடுவார். சுண்டுவிரல் கனம்கூட இல்லாத தூண்டில் குச்சி, தலைமுடி போன்ற நரம்பு. புழு குத்த மாட்டார். முள்ளில் கோழி இறகைச் சுற்றிப் பூச்சிபோலக் கட்டுவார். எடையில்லாத இறகை வீசினால் காலடியிலேயே விழும். அதனால் நரம்பில் இறகுக்குச் சற்று முன்னால் கோலிக்குண்டு அளவில் தக்கை ஒன்றைக் கட்டி, அந்தக் கனத்தில் வீசுவார். உள்ளங்கை அகல ஜிலேபி மீன்களோடு வந்து, “நான் புடிச்சது” என்பார். கடை மீனைத் தொடவே மாட்டார்.

நெஞ்சுவலி வந்து கிருஷ்ணகிரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். கருமாதிப் படையலில் கடை மீனைத்தான் வைத்தோம். எனக்கு மனசே ஒப்பவில்லை. வருஷப் படையலுக்காவது அவருடைய தூண்டிலில் நானே பிடித்த மீனை இலையில் வைக்கவேண்டும் என்று ஏரிக்குக் கிளம்பினேன்.

நரம்பு சிக்கியது. இறகு வேலிமுள்ளில் மாட்டியது. வீசப் பழகிய பிறகும் மீன் மாட்டவில்லை. சின்ன வயதில் புழு போட்ட பழக்கத்தில், தக்கை முங்கட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். லேசாக அசையும், அவ்வளவுதான். ஆடு மேய்ப்பவர்கள் கேலியாக மீன் சந்தைக்கு வழி சொன்னார்கள். குச்சியை முறித்துப்போடலாம் போல ஆத்திரம் வந்தது.

அண்ணன் போனபின் அண்ணி ஏரிப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. போன வாரம் அவராகவே கூட வந்து, சற்று நேரம் பார்த்தார்.

“முங்கற வரைக்கும் நின்னா எப்பிடி பாப்பா? வெறும் எறகு, வாயில வெச்சதும் துப்பிரும். அசைஞ்சாலே இழுத்துரணும்.”

அடுத்த வீச்சில் அவர் சொன்னதும் இழுத்தேன். மீன் துள்ளிக்கொண்டு வந்தது.

“உங்கண்ணனுக்குத் தூரத்துல தக்கை எங்க தெரிஞ்சிது? அவரு வீசுவாரு. நான் பாத்துச் சொல்லுவேன், இழுப்பாரு.”

மீனைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி அழுதார். எனக்கோ அண்ணன்மேல் இன்னும் கோபம் ஏறியது. “ரெண்டு பேரும் புடிச்சது” என்று ஒருநாளாவது எங்களிடம் சொல்லியிருக்கலாம்.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அக்கம்பக்கத்தாருக்கும், எல்லை தாண்டி வந்து தோள்கொடுத்த அவருடைய கம்பெனிக் கன்னடக் கூட்டாளிகளுக்கும் எங்கள் நன்றி உரியது. இன்று இலையில் இருப்பது அண்ணியும் நானும் விடியலில் பிடித்த மீன். படையல் முடிந்ததும் முதல் துண்டு அண்ணிக்கு. அதன் பிறகு நாம் எல்லோரும் சாப்பிடுவோம்.